வளர்க்க எடுத்த பிள்ளை உடைத்தால் காசு யார் தருவது?

கேள்வி: நாங்கள் கோண்டாவிலில் இருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. நீதிமன்றம் மூலம் 11 வயதுப் பெடியன் ஒருவனைப் பொறுப்பெடுத்து வளர்க்கிறோம். வெளிநாட்டில் வேலை செய்யும் தாயோடு தொலைபேசியில் கதைத்து முடித்த கையோடு ரிமோட்டை எறிந்து டிவியை உடைத்தான். தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டு விளையாடப் போனான், அது கருகிவிட்டது. இப்போது கெற்றப்போலால் பக்கத்து வீட்டுக்காரரின் கார்க் கண்ணாடியும் போய்விட்டது. அவர் முழுக் காசும் கேட்கிறார், பொலிசுக்குப் போவேன் என்கிறார். லண்டனில் இப்படிப் பிள்ளைகளை வளர்க்கும் என் தங்கச்சி, அங்கே கவுன்சில் (உள்ளூராட்சி சபை) நட்டம் தரும் என்கிறாள். இங்கே யாரிடம் கேட்கலாம்?

பதில்: உங்கள் டிவிக்கும் மோட்டருக்கும் அரசிடம் காசு எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்கள் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. அங்கேதான் உங்களுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் தங்கச்சியின் கதை. அங்கே பிள்ளை கவுன்சிலின் பொறுப்பில் இருக்கும். தங்கச்சிக்குக் கிழமைக்கு இவ்வளவு என்று படி கொடுத்து வளர்க்கச் சொல்கிறார்கள். ஆகவே சேதத்தையும் கவுன்சிலோ, பிள்ளையை வளர்க்க ஒழுங்கு செய்யும் முகவர் நிறுவனமோ ஓரளவு பொறுப்பேற்கும். ஓரளவுதான். முதலில் உங்கள் வீட்டுக் காப்புறுதியில் கேளுங்கள் என்பார்கள். அந்தக் காப்புறுதியோ, வீட்டில் இருப்பவரே வேண்டுமென்று உடைத்ததற்குப் பெரும்பாலும் தராது. வழக்கமான தேய்மானத்தைக் கழிப்பார்கள், முதல் ஒரு தொகையை நீங்களே போடச் சொல்வார்கள். விதி கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும்.

இங்கே உங்கள் நிலை வேறு. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், தகுதியானவர் என்று கண்டு நீதிமன்றம் பிள்ளையை உங்களிடம் ஒப்படைத்திருக்கும். பராமரிப்பைப் பொறுத்தவரை நீங்கள் பெற்றோரின் இடத்தில் நிற்கிறீர்கள். உடைந்த சாமானுக்கு ஈடு கொடுப்பது பற்றி அதில் ஒன்றும் இல்லை. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் வந்து பார்ப்பார், அறிக்கை எழுதுவார். டிவிக்குக் கொடுக்க அவரிடம் நிதி கிடையாது. செவன சரண வளர்ப்புப் பெற்றோர் திட்டம் என்று கேள்விப்பட்டு அங்கே போய்க் கேட்பவர்களும் உண்டு. அது வசதியில்லாத பிள்ளைக்குக் கொடையாளர் மாதாமாதம் உதவும் திட்டம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

தாயிடம் கேட்கலாமா? பிள்ளையின் பராமரிப்புச் செலவில் பங்கு கேட்கலாம், அதுவும் நீதிமன்றத்தின் ஊடாக. டிவிக்காகத் தாய் மேல் வழக்குப் போட்டால் நிற்காது. ஏன் என்பது அடுத்த விசயத்தில் இருக்கிறது.

கார்க் கண்ணாடிக்கு வருவோம். இந்த மாதிரி நட்ட வழக்குகளில் இலங்கையில் இன்றைக்கும் ஒல்லாந்தர் காலத்தில் வந்த உரோமன் டச்சுச் சட்டம்தான். அதன்படி பிள்ளை செய்த சேதத்துக்குப் பெற்றோர், பெற்றோர் என்ற ஒரே காரணத்துக்காகப் பொறுப்பாளி ஆவதில்லை. வளர்ப்பவரும் அப்படித்தான். உங்களுடைய சொந்தக் கவனயீனத்தைக் காட்டினால்தான் உங்களைப் பிடிக்கலாம். 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பொறுப்பே கிடையாது. 11 வயதுக்காரனுக்கு, செய்வது பிழை என்று விளங்கும் பக்குவம் இருந்ததா என்று பார்ப்பார்கள். இருந்தது என்றாலும் அவனுடைய சொந்தச் சொத்திலிருந்துதான் எடுக்கலாம், அவனிடம் என்ன இருக்கிறது?

ஆகவே கேள்வி இதுதான்: கெற்றப்போலை யார் வாங்கிக் கொடுத்தது? நீங்கள் வாங்கிக் கொடுத்திருந்தால், அல்லது ஒழுங்கையில் அடித்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்தும் பறிக்காமல் விட்டிருந்தால், உங்கள் பக்கம் பலவீனம். பள்ளிக்கூடத்தால் வரும் வழியில் யாரோ பெடியனிடம் வாங்கி அன்றைக்கே அடித்தான் என்றால் உங்கள் மேல் பழி போடுவது கடினம்.

பொலிஸ் மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். 2018இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி, 12 வயதுக்குக் குறைந்தவர் செய்வது குற்றமாகாது என்று ஆக்கிவிட்டார்கள். பெடியன் மேல் குற்றவியல் வழக்கு வராது. நட்டஈட்டுக்கு அவர் சிவில் வழக்குத்தான் போடலாம், அதுவும் சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள். இந்த அளவுத் தொகைக்கு நேரே நீதிமன்றம் போகவும் முடியாது. முதலில் இணக்க சபைக்கு, அதாவது மத்தியஸ்த சபைக்குப் போய், தீரவில்லை என்ற சான்றிதழ் எடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் அதுவரைக்கும் விடாதீர்கள். அவருடைய காருக்கு ஃபுல் இன்சூரன்சா, தேர்ட் பார்ட்டியா என்று முதலில் கேளுங்கள். ஃபுல் என்றால் கண்ணாடிக்கு அங்கேயே கேட்கலாம். தேர்ட் பார்ட்டி என்றால், கராச் பில்லைப் பார்த்து ஒரு பங்கைக் கொடுங்கள். சட்டப்படி கடமை இல்லாவிட்டாலும் மதிலுக்கு அப்பால் இருக்கிறவர், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும். ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லாமல் கொடுக்க வேண்டாம். ‘பொறுப்பை ஏற்காமல், அயல் உறவை எண்ணித் தருகிறோம், இதோடு இந்த விசயம் முடிந்தது’ என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உழைத்துக் கட்டட்டும் என்று பெடியனைக் கராச்சுக்கோ கடைக்கோ அனுப்பிவிடாதீர்கள். 2021இலிருந்து வேலைக்கு வைக்கும் குறைந்த வயது 16. அடித்தாலும் சிக்கல்தான். பொறுப்பிலுள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவில் குற்றம், 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி எண்ணுக்கு ஒரு அழைப்பு போதும் விசாரணை தொடங்க. கார்க் கண்ணாடிக் கதை போய், வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும். பிள்ளையின் பெயரில் சேமிப்புப் புத்தகம் இருந்தால் அதிலும் கைவைக்க வேண்டாம்.

மூன்று சம்பவத்தையும் திகதி போட்டு எழுதி, படம் எடுத்து, நன்னடத்தை உத்தியோகத்தருக்கு ஒரு கடிதமாகக் கொடுங்கள், பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். காசு வராது. ஆனால் நாளைக்கு யாராவது ‘கவனிக்காமல் விட்டார்கள்’ என்றால் அந்தப் பிரதிதான் உங்களுக்குச் சாட்சி. அதில் டிவி உடைந்தது தாயின் அழைப்புக்குப் பிறகு என்பதை மறக்காமல் எழுதுங்கள். அழைப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அழைப்பு முடிந்ததும் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டிய பிள்ளை அவன். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் கூட்டிப் போங்கள். அவர் போதாது என்றால் யாழ். போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவு இருக்கிறது.

மோட்டரை மட்டும் கடிதத்தில் தனியாக, தவறுதலாக நடந்தது என்று எழுதுங்கள். கிணற்றில் தண்ணீர் இறங்கும் காலத்தில் மோட்டரைப் போட்டுவிட்டு மறக்காத வீடு எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது? வைண்டிங் கட்டக் கொடுக்கும்போதே, தண்ணீர் இல்லாவிட்டால் தானாக நிற்கும் சுவிட்ச் ஒன்றையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.