பெடியன் எந்த வீட்டில் வளர்ந்தவர்?

கேள்வி: என் மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்கிறது. பெடியன் பொறியியலாளர், குறிப்பும் பொருந்துகிறது. அயலில் விசாரித்ததில் தகப்பன் பெருங்குடி, வீட்டில் ஒரே சண்டை, தாய் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய் வந்தவர் என்கிறார்கள். பெடியன் குடிப்பதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு மாதிரி இருந்தார். எதைக் கேட்டாலும் "ஓம், உங்கட விருப்பம்" என்றார். என் கணவர் தொலைபேசியில் யாருடனோ குரலை உயர்த்தியதும் முகம் வெளிறிவிட்டது. தேத்தண்ணி குடித்த கோப்பையைத் தானே கழுவ எழும்பினார். எங்கள் வீடு ஒழுங்கான வீடு, கணவர் ஒன்று சொன்னால் மறுபேச்சு கிடையாது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்களே. இவரை நம்பிப் பெண் கொடுக்கலாமா?
- ஒரு தாய், வலிகாமம்

பதில்: விசாரிக்க வேண்டியவரை விட்டுவிட்டு ஒழுங்கை முழுக்க விசாரித்திருக்கிறீர்கள், அம்மா. உங்களுக்கு இவ்வளவு விவரம் சொன்ன அயலவர்கள், அந்தப் பிள்ளைக்குப் பத்து வயதாக இருந்தபோது மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டவர்கள்தான். ஒருவராவது போய்க் கேற்றைத் தட்டினாரா என்றும் கேட்டிருக்கலாம். சரி, அதை விடுவோம்.

குடிகாரர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு இரவில் புத்தகம் விரித்திருக்கும், காது வாசலில் இருக்கும். சைக்கிளை ஸ்ராண்டில் விடும் சத்தம், கேற் கொளுக்கி விழும் வேகம், செருப்பைக் கழற்றும் விதம் - இவ்வளவும் போதும், அப்பா இன்றைக்கு எந்த அளவில் வருகிறார் என்று அதற்குத் தெரிந்துவிடும். தங்கச்சியைப் பின்னறைக்கு அனுப்ப வேண்டும், வானொலியை நிற்பாட்ட வேண்டும், மேசையில் எதுவும் கிடக்கக் கூடாது. கழுவாத ஒரு கோப்பையில் தொடங்கி விடியும்வரை போன சண்டைகள் அந்த வீட்டில் எத்தனையோ. அப்படி வளர்ந்தவர் உங்கள் வீட்டில் கோப்பையோடு எழும்பியதில் என்ன அதிசயம்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேத் போலக் என்ற உளவியலாளர் பிள்ளைகளுக்கு மங்கலான முகப் படங்களைச் சிறிது சிறிதாகத் தெளிவாக்கிக் காட்டினார். வீட்டில் அடிவாங்கி வளர்ந்த பிள்ளைகள், படம் தெளிவதற்கு முன்பே கோபமுகத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உங்கள் கணவரின் குரல் உயர்ந்ததும் வெளிறிய முகம் இந்த வகை என்றே நினைக்கிறேன். சிறுவயதில் தப்பிப் பிழைக்கக் கற்ற வித்தை, வளர்ந்த பிறகும் விட்டுப் போகாது.

அதற்காக அவரைத் தூக்கிக் கோயிலில் வைக்கச் சொல்லவில்லை. கோபத்தை முந்திக் கண்டுபிடிக்கும் கண், இல்லாத கோபத்தையும் கண்டுபிடிக்கும். மகள் தலையிடியில் முகத்தைச் சுளித்தாலும் தன்னில்தான் ஏதோ பிழை என்று நினைத்து இரண்டு நாள் கதைக்காமல் இருந்துவிடலாம். எல்லாவற்றுக்கும் "ஓம்" சொல்பவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாது. உள்ளே சேர்த்து வைத்துச் சேர்த்து வைத்து, சம்பந்தமே இல்லாத ஒரு நாளில் வெடிப்பவர்களும் உண்டு. வீட்டுக்குச் சிநேகிதரைக் கூட்டி வந்தே பழகாதவர், கலியாணவீட்டில் கதவோரம் நிற்பார். சனம் அதற்குத் தலைக்கனம் என்று பெயர் வைக்கும். தகப்பனின் கையையே பிள்ளையும் தூக்கும் கதைகளும் இல்லாமல் இல்லை. உங்கள் பயம் முழுப் பொய்யல்ல.

ஆனால் அதைத் தலைவிதியாக்குவதற்கு ஆதாரம் இல்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் நடுத்தர வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, ஓயாத சண்டை என்று பல பாரங்கள் ஒன்றாகச் சேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் நம்பிக்கையும் அக்கறையும் உள்ள மனிதராக வளர்ந்தார். அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு துணை இருந்தது: அம்மம்மாவோ, ஒரு மாமியோ, வாத்தியாரோ, விட்டுப் போகாத ஒரு பெரியவர். இளவயதில் தடுமாறிய பலரும் முப்பது நாற்பது வயதில் நிமிர்ந்துவிட்டார்கள். நல்ல துணை அமைந்ததும் அதற்கு ஒரு காரணம். இந்தப் பெடியனுக்கு அப்படி யார் இருந்தார் என்று ஒழுங்கையில் யாரும் சொல்லவில்லையே?

தகப்பனைப் பற்றியும் ஒரு சொல். நம் வடக்குக் கிழக்குப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தி 2008இல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டு வன்முறை தகப்பனின் குடியோடும் குடும்பம் பட்ட போர் அனுபவங்களோடும் சேர்ந்தே வருவதைக் காட்டியது. போரில் நடந்த 1995 யாழ்ப்பாண இடம்பெயர்வையும் பிறகு வந்தவற்றையும் தாண்டி வந்த ஆட்கள் நாம். அடிக்கிறவருக்கு இது சாட்டு ஆகாது. ஆனால் "அந்த வீடு அப்படி" என்று விரல் நீட்டுவதற்கு முன், நம் ஊரில் எத்தனை வீடுகள் எப்படி என்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி, செய்ய வேண்டியது. மகளும் அவரும் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் நாலைந்து தரம் கதைக்கட்டும். அவள் ஒரு விஷயத்தில் "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொல்லிப் பார்க்கட்டும். அவர் மழுப்புகிறாரா, முறைக்கிறாரா, இல்லை யோசித்துத் தன் எண்ணத்தைச் சொல்கிறாரா என்பதில் குறிப்பில் இல்லாத பொருத்தம் தெரியும். வீட்டில் நடந்ததைப் பற்றி அவரே வாய் திறந்தால் நல்லது. மூடி மறைத்தால் அவசரப்பட வேண்டாம். உதவி தேவை என்று அவருக்கே பட்டால் யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தில் தமிழிலும் கதைக்கலாம். ஒன்று மட்டும்: அவரைத் திருத்தி எடுக்கும் பொறுப்பை மகளின் தலையில் கட்டாதீர்கள். அவள் மனைவியாகப் போகிறாள், வைத்தியராக அல்ல.

கடைசியாக, நீங்கள் பெருமையாக எழுதிய ஒரு வரி. நம் ஊர் வழக்கப்படி மகளுக்குச் சீதனமாக வீடு கொடுத்து மாப்பிள்ளையை உங்கள் வளவுக்குள்தான் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே உங்கள் கணவர் சொன்னால் மறுபேச்சு இல்லை என்கிறீர்கள். பெடியனுக்குச் சிரமம் இருக்காது, அம்மா. பெரியவரின் முகம் பார்த்து நடப்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழகின வேலை.