விடிய பாத்தா கழிவு பைப் அடைச்சுக் கிடக்கு, பெரிய பம்ப் வாங்கவா?

ஏறாவூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். இரும்புச் சாமான் கழுவுற வேலைத்தலம், கொஸ்டிக் சோடாவும் ட்ரைசோடியம் பொஸ்பேட் எண்ட கழுவுற உப்பும் கலந்த கழிவுத் தண்ணி 70 பாகை சூட்டோட, நிமிசத்துக்கு 60 லீட்டர், 2 இஞ்சி இரும்பு பைப்பால 120 மீட்டர் தள்ளி இருக்கிற டேங்குக்குப் போகுது. கச்சான் காலத்துல பிரச்சினை இல்லையாம், மாரியில மட்டும் விடிய அடைச்சுக் கிடக்காம்.

பம்ப் வாங்காதீங்க தம்பி, உங்கட பதில் அந்த மாரியிலதான் இருக்கு. மண்டி படிஞ்சு அடைக்கிறதெண்டா வெயில் மழை பாக்காது, எப்பயும் அடைக்கும். இது சூடு குறைய பொஸ்பேட் ஊசி ஊசியா உப்புக்கட்டி புடிக்கிறது. அமெரிக்காவுல ஹான்ஃபோர்ட்ல 177 டேங்குல அணுக்கழிவு கிடக்கு, அங்கயும் லைன் அடைச்சதுக்கு இதே பொஸ்பேட் ஒரு பெரிய காரணம், அதாலதான் எந்தச் சூட்டுல எவ்வளவு உப்பு வெளிய வரும் எண்டு கம்பியூட்டர்ல மொடல் பண்ணிப் பாத்துட்டு மறுகா பம்ப் பண்றாங்க.

உங்களுக்கு அவ்வளவு வேணாம், ஒரு தாள் காணும். தண்ணி செக்கனுக்கு அரை மீட்டர் போகுது, 120 மீட்டருக்கு 4 நிமிசம், அதுக்குள்ள 2, 3 பாகைதான் குறையும். ஆனா பம்ப்ப நிப்பாட்டினா மூடாத பைப்புல தேங்கின தண்ணி ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள சூட்டுல முக்கால்வாசிய விட்டுரும், மாரி மழையில நனைஞ்சா இன்னும் கெதியா. அப்ப ஓடேக்க இல்ல, நிண்ட பிறகுதான் அடைக்குது.

பைப்புக்குள்ள நிக்கிறது கிட்டத்தட்ட 235 லீட்டர். பம்ப் நிப்பாட்டின கையோட 60 பாகை சுடுதண்ணி 400 லீட்டர் அளவுல விட்டுக் கழுவுங்க, அடுத்த நாள் எண்டு வைக்க வேணாம். பள்ளமான இடத்துல தண்ணி வடிக்கிற வால்வு (ட்ரெயின் வால்வு) வச்சு அந்தத் தண்ணியையும் கழிவு டேங்குக்கே எடுங்க. அதுக்கு முன்ன ஒரு சின்ன சோதனை: கழிவ மூடியுள்ள தடிப்பான பிளாஸ்டிக் போத்தல்ல கொஞ்சம் எடுத்து 24 பாகை வரை ஆற விட்டு, எத்தனை பாகையில வெள்ளையா கட்டி தெரியுது எண்டு தேர்மோமீட்டரால பாருங்க, அதுக்கு 10 பாகை மேலதான் உங்கட எல்லை, பைப்புக்குள்ள கழிவ அதுக்குக் கீழ ஆற விடாதீங்க.

அடைச்ச பைப்ப மட்டும் பம்ப் அழுத்தத்தால தள்ளப் பாக்காதீங்க, ஜொயின்ட் விட்டுட்டா கொஸ்டிக் கண்ணுலதான் அடிக்கும், கண் போகும் தம்பி. அழுத்தத்த விட்டு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் போட்டு, திறந்த முனையில தொடங்கி நடுப்பக்கம் நோக்கி பைப்புக்கு மேல சுடுதண்ணியில நனைச்ச சாக்கு சுத்திக் கொண்டு வாங்க, எடுத்த உடனே நடுவுல சூடாக்கக் கூடாது.