மனை பிசினஸ்ல ஏஐ: எங்க ஆரம்பிக்கிறது?

கேள்வி: பல வருஷமா லே-அவுட் போட்டு மனை விக்கிறோம். படிச்சிட்டு வந்த பையன் ஏஐ கொண்டு வந்தே ஆகணும்ங்கிறான். விலை வைக்கிறது, பத்திரம் பாக்கிறது, கஸ்டமருக்கு பதில் சொல்றது எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்னு ஒரு கம்பெனி டெமோ காட்டிட்டு போயிருக்கு. பணம் போடலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பையன் சொல்றது சரிதாங்க, கொண்டு வாங்க. ஆனா விலை வைக்கிற வேலையை மட்டும் முதல்ல அதுகிட்ட குடுத்துடாதீங்க. அமெரிக்காவுல ஜில்லோன்னு ஒரு கம்பெனி, வீட்டுக்கு கம்ப்யூட்டர்லயே மதிப்பு போட்டு காட்டுறதை 2006லயே ஆரம்பிச்சவங்க, பிறகு அவங்களே வீடுகளை வாங்கி விக்கவும் இறங்கினாங்க, விலை எப்படி போகும்னு போட்ட கணக்கு தப்பிப்போய் 2021 நவம்பர்ல அந்த பிரிவையே மூடறதா அறிவிச்சு கிட்டத்தட்ட கால்வாசி பேரை வேலையை விட்டு அனுப்புறோம்னு சொன்னாங்க. நம்ம ஊர்ல இது இன்னும் கஷ்டம். பத்திரத்துல எழுதுற தொகை பல நேரம் கைடுலைன் மதிப்பை (பத்திரப்பதிவுக்குன்னு அரசாங்கம் வச்சிருக்கிற ரேட்டை) ஒட்டித்தான் நிக்குது, கைமாறுற பணம் வேற. அந்த பதிவுகளை வச்சு கத்துக்கிட்ட மெஷின் எந்த ரேட்டை சொல்லும், நீங்களே யோசிங்க.

பத்திர வேலையில தாராளமா ஆரம்பிக்கலாம், ஏன்னா அங்கதான் உங்க ஆளுங்க நேரம் மொத்தமும் போகுது. தாய்ப்பத்திரத்துல இருந்து வரிசையா யார் யாருக்கு வித்தாங்க, விஸ்தீரணம் பட்டாவோட ஒத்துப்போகுதா, நான்கெல்லை மாறியிருக்கான்னு ஒரு சுருக்கம் எடுத்து குடுக்கும். 45/2ன்னு இருந்த சர்வே நம்பர் உட்பிரிவாகி 45/2ஏ, 45/2பின்னு ஆகியிருந்தா, புது நம்பருக்கு மட்டும் வில்லங்கச் சான்று போட்டா பழைய வில்லங்கம் விட்டுப்போகும், இந்த மாதிரி இடத்தை குறிச்சு காட்டச் சொல்லி வாங்கலாம். ஆனா பதிவு பண்ணாத உயில் வில்லங்கச் சான்றுல வராது, காகிதத்துல இல்லாததை ஏஐ எங்கிருந்து படிக்கும்? அதனால உங்க ஆபீஸ்ல இத்தனை நாளா பத்திரம் பாக்குற பெரியவர் இருந்தா அவரை வீட்டுக்கு அனுப்பிடாதீங்க, வக்கீல் ஒப்பீனியனையும் விட்டுடாதீங்க.

விளம்பரத்துல ரொம்ப ஜாக்கிரதை வேணும். இன்னும் போடாத ரோடு, வராத பார்க் எல்லாத்தையும் ஏஐ நொடியில அழகா படம் போட்டு குடுத்துடும். விளம்பரத்துல இருந்த தப்பான தகவலை நம்பி ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்து நஷ்டப்பட்டா புரோமோட்டர், அதாவது லே-அவுட் போட்டு விக்கிறவர், ஈடு கட்டணும், பணம் குடுத்தவர் விலகினா மொத்தப் பணத்தையும் வட்டியோட திருப்பித் தரணும்னு 2016 ரெரா சட்டத்தோட (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) 12வது பிரிவு சொல்லுது. கடன் வாங்கி, நகையை வச்சு மனை வாங்க வர்றவங்க அவங்க, சட்டம் இல்லேன்னாலும் அவங்களுக்கு பொய்ப்படம் காட்டக்கூடாது. வாட்ஸ்அப்புல கஸ்டமருக்கு தானா பதில் சொல்ற ஏஐக்கும் இதே கட்டுப்பாடு வைங்க: அப்ரூவல் நம்பர், சைட் போற வழி, விசிட் நேரம், இதோட நிறுத்திக்கணும். விலை, டைட்டில், லோன் கிடைக்குமான்னு கேட்டா மனுஷனுக்கு மாத்தி விட்டுடணும். பார்ட்டியோட ஆதார், பான் காப்பியை ஸ்டாஃப் யாரும் இலவச ஆப்புல ஏத்தக்கூடாதுன்னு இன்னைக்கே சொல்லிடுங்க.

இதுக்கெல்லாம் பொறுப்பா பையனையே போடுங்க, ஆனா அந்தப் பெரியவரை பக்கத்துல உக்கார வச்சு. பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த கம்பெனிக்காரங்களை திரும்ப கூப்பிடுங்க, அவங்க கொண்டு வர்ற பத்திரத்துல டெமோ வேண்டாம், வக்கீல் ஏற்கனவே சிக்கல் கண்டுபிடிச்சு நீங்க வாங்காம விட்ட நிலம் ஏதாவது இருக்கும்ல, அந்த ஃபைலை குடுத்து படிக்கச் சொல்லுங்க, சிக்கலை அதுவும் பிடிக்குதான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.