விளையாட்டை விருதுக்கு அனுப்ப விரும்பும் மகன்: ஒரு தகப்பனாருக்குப் பதில்

மதிப்புக்குரிய ஐயா,

உயர்தரப் பரீட்சையைப் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் உங்கள் மகன், தான் உருவாக்கிய கணினி விளையாட்டை வெளிநாட்டு விழாவொன்றின் போட்டிக்கு அனுப்பப் பிடிவாதமாக நிற்பதாகவும், இந்த ஆசையில் பல்கலைக்கழகப் படிப்பையே உதறிவிடுவாரோ என்று வீட்டில் எல்லோரும் பயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அனுப்பட்டும் என்பதே என் கருத்து. ஆனால் அந்தப் போட்டி எதைத் தரும், எதைத் தராது என்பதை நீங்கள் இருவரும் ஒரே விதமாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

பெரிய நிறுவனங்களின் பணமின்றி ஒருவரோ சிலரோ சேர்ந்து உருவாக்கும் சுயாதீன விளையாட்டுகளுக்கென 1998 இல் தொடங்கப்பட்ட ஐ.ஜி.எஃப். (இண்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல்) விழா, சான் பிரான்சிஸ்கோவில் கூடும் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டோடு சேர்த்து ஆண்டுதோறும் விருதுகளை வழங்கி வருகிறது. மாணவர் படைப்புக்கெனத் தனி விருதும் அங்கே உண்டு. 2024 இல் அதன் பெருவிருதைப் பெற்றது, கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் சமையலறையைக் களமாகக் கொண்ட 'வெண்பா'. தாயின் சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டில் விடுபட்டதை ஊகித்து இட்லி அவிப்பதில் தொடங்கும் அந்த விளையாட்டு, அதே ஆண்டில் பிரித்தானியத் திரைப்பட, விளையாட்டுக் கலைகளுக்கு விருது வழங்கும் பாஃப்டா அமைப்பின் அறிமுகப் படைப்புக்கான விருதையும் வென்றது. எங்கள் பிள்ளைகள் இதைக் கேள்விப்பட்டு ஆசைப்படுவதில் வியப்பில்லை.

ஆயினும் விருது வேறு, வருமானம் வேறு. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர் ஒருவரின் ஆய்வுத் திட்டமாக ஆரம்பித்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' 2015 இல் பெருவிருது பெற்றபோதும், விற்பனைக்கு வந்தது 2019 இல்தான். எல்லைச் சோதனைச் சாவடியில் கடவுச்சீட்டுகளைச் சரிபார்க்கும் 'பேப்பர்ஸ், பிளீஸ்' (சாவடியில் காத்து நின்ற எங்கள் தலைமுறைக்கு இதில் விளக்க எதுவுமில்லை) 2014 இல் பெருவிருது பெற்றது. அதைத் தனியாளாக உருவாக்கிய லூக்காஸ் போப், அதற்கு முன்னர் பெரிய விளையாட்டு நிறுவனமொன்றில் சம்பளத்துக்கு வேலை செய்து தொழில் பழகியவர். படிப்பை விட்டுவிடத் துடிக்கும் மகனுக்கு இவ்விரண்டையும் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய பிரதியை நானும் ஆடிப் பார்த்தேன். குறிகட்டுவான் இறங்குதுறையில் ஆட்களையும் எரிவாயுச் சிலிண்டர்களையும் ஓர் ஆட்டுக்குட்டியையும் படகு சரியாமல் ஏற்றி நெடுந்தீவுக்கு அனுப்பும் அந்த எண்ணம் அருமையானது. இன்னொரு நாட்டுப் பிள்ளைக்கு எளிதில் வாய்க்காது. குறைகளும் உண்டு. பின்னணியில் ஒலிப்பது சினிமாப் பாடலின் இசை. உரிமையில்லாத இசையோடு எந்தப் போட்டிக்கும் அனுப்பக்கூடாது. 'கொண்டுபோ' என்ற சொல்லில் கொம்புக்குறிகள் எழுத்துக்குப் பின்னால் விழுந்து கிடக்கின்றன. தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதி எல்லா மென்பொருளிலும் இயல்பாக இருப்பதில்லை. 2023 இல் வெளிவந்த, விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோ 4 இதைச் சரியாகச் செய்கிறது, அதுவும் இலவசம். நடுவர்கள் பல படைப்புகளைப் பார்ப்பவர்களாதலால், என்ன செய்ய வேண்டும் என்பது முதல் சில நிமிடங்களிலேயே புரிய வேண்டும். ஆங்கில உரையும் சேர்க்கப்பட வேண்டும்.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெயர் தெரியாத போட்டிகள் பல, கட்டணம் வாங்கிக்கொண்டு இலச்சினை ஒன்றைத் தருவதோடு நின்றுவிடும். முந்தைய ஆண்டுகளில் தெரிவானவற்றைத் தேடிப் பார்த்த பின்னரே டொலர் கட்டுங்கள். கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில் விற்பனைக்கு வைக்க ஒரு விளையாட்டுக்கு 100 டொலர் கட்ட வேண்டும், விற்பனையிலும் பொதுவாக 30 வீதத்தை அது எடுத்துக்கொள்ளும். இப்போதைக்கு அது வேண்டாம். சுயாதீன விளையாட்டுகளைப் பகிரும் இட்ச்.ஐஓ தளத்தில் செலவின்றி வெளியிட்டு, ஆடியவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அவர் குறித்து வைக்கட்டும். ஜனவரி மாதங்களில் நடக்கும், குறுகிய நேரத்துக்குள் விளையாட்டு உருவாக்கும் உலகளாவிய நிகழ்வான குளோபல் கேம் ஜாமில் 48 மணித்தியாலத்துக்குள் ஒன்றை முடித்துக்காட்டுவதும் நல்ல பயிற்சி.

பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்கேற்பக் கணினி விஞ்ஞானத்துக்கோ பொறியியலுக்கோ வழக்கம்போல விண்ணப்பியுங்கள். அனுமதிக்குக் கணிக்கப்படும் இசட் புள்ளி போதாவிட்டால் மென்பொருள் சார்ந்த என்.வி.கியூ. (தேசிய தொழிற்றகைமை) பாடநெறிகள் இருக்கின்றன. எந்த வழியில் போனாலும், நேர்முகத் தேர்வில் காட்டுவதற்கு முடிக்கப்பட்ட விளையாட்டு ஒன்று அவர் கையில் இருக்கும். போட்டியில் தெரிவாகாமற் போனாலும் அந்த வேலை வீணாகாது. இசையையும் எழுத்தையும் திருத்திய பிறகு, மடிகணினியோடு அவரை என்னிடம் அனுப்பி வையுங்கள். விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்பலாம்.