இரண்டு பக்கத் தாளும் மூணாறு தலைப்பும்

கேள்வி: நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தினமும் பஸ்ஸில் தஞ்சாவூர் போய் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். நான்கு செமஸ்டரும் தேற்றங்களை மனப்பாடம் செய்து எழுதியே நல்ல மார்க் வாங்கிவிட்டேன். இப்போது லீனியர் அல்ஜீப்ரா எடுக்கும் மேடம் முதல் வகுப்பிலேயே இரண்டு பக்க விதித்தாள் கொடுத்திருக்கிறார். வீட்டுக் கணக்கு 12, அதில் நன்றாகச் செய்த 10 மட்டும் கணக்கில் வரும், அதற்கு 10 மார்க். திங்கள்தோறும் முதல் 10 நிமிடம் குறுந்தேர்வு, அதற்கு 10. இரண்டு இன்டர்னல் தேர்வுக்கு 20. செமஸ்டர் தேர்வு 60, அதில் 24 எடுத்தே ஆகவேண்டும். தாமதமான வீட்டுக் கணக்குக்கு 0. சேர்ந்து விவாதிக்கலாம், தனியாக எழுதவேண்டும். கால்குலேட்டர் கிடையாது. வருகை 75 சதவீதம். எல்லாவற்றுக்கும் மேல், ‘வகுப்பில் செய்யாத நிறுவல்கள் தேர்வில் வரும்’ என்று அச்சடித்தே கொடுத்திருக்கிறார். செய்யாததைக் கேட்பது நியாயமா? நடவு நேரத்தில் வீட்டில் ஆள் வேண்டும், மழைக்காலத்தில் பஸ் வராது. எப்படிச் சமாளிப்பது?

பதில்: உங்களைப் பயமுறுத்திய அந்த ஒரு வரிதான் தாளிலேயே உங்கள் கைக்குள் அடங்கக்கூடியது. சாதுவாகத் தெரியும் மற்ற வரிகளில்தான் மார்க் சத்தமில்லாமல் கசியும். முதலில் கசிவை அடைத்துவிடுவோம்.

இன்டர்னலில் 40க்கு 36 வாங்கிவிட்டு, செமஸ்டரில் 23 எடுத்தால் மொத்தம் 59. ஆனாலும் அரியர்தான், ஏனென்றால் 24 தனி நிபந்தனை. ஆகவே இன்டர்னல் மார்க்கை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. மறுபக்கம், ஒரு வீட்டுக் கணக்கு 1 மார்க்தான், இரண்டு தவறினாலும் நஷ்டமில்லை. அந்த இரண்டையும் ஜூலையிலேயே சோம்பலுக்குச் செலவழித்துவிடாதீர்கள், மழைக்கு மிச்சம் வையுங்கள்.

வருகைக்கு வருவோம். 90 வேலை நாள், ஆறு நாள் ஆர்டர் (ஆறு வேலை நாளுக்கு ஒரு சுற்று), சுற்றுக்கு 5 பீரியட் என்றால் செமஸ்டருக்கு 75 பீரியட். அதில் 75 சதவீதம் 56.25, அதாவது 57 பீரியட் இருந்தாக வேண்டும். கையிருப்பு 18. சம்பா நடவுக்கு ஒரு வாரம் நின்றால் 5 போய்விடும். அது பெரிய சேதமில்லை. ஆனால் அந்த வாரத்தில் அடித்தளம் (பேசிஸ்), அதிலுள்ள திசையன்களின் எண்ணிக்கையான பரிமாணம் (டைமென்ஷன்) நடந்தால் அடுத்த இரண்டு மாதம் எதுவும் புரியாது. இந்தப் பாடம் மாடிப்படி மாதிரி, நடுவில் ஒரு படி இல்லையென்றால் தாண்டி ஏற முடியாது. பாடத்திட்டத்தில் எந்த வாரம் எந்த அலகு என்று பார்த்து, வெறும் கணக்குப் போட்டுப் பழகும் வாரத்தை வீட்டுக்குக் கொடுங்கள். நிரைச் செயலிகளும் (ரோ ஆபரேஷன்) காஸியன் நீக்கலும் நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பிலேயே செய்தவை. வரையறைகள் குவியும் வாரத்தைக் கொடுக்காதீர்கள்.

குறுந்தேர்வு முதல் 10 நிமிடம் என்பதால், நீடாமங்கலம் ரயில்வே கேட் அடைத்துவிட்டால் அந்த வாரம் போச்சு. திங்கள் மட்டும் முந்தின பஸ் பிடியுங்கள், வேறு மருந்து இல்லை. இத்தகைய தேர்வில் கேட்பது பெரும்பாலும் ஒரு வரையறையும் ஒரு சிறு உதாரணமும்தான். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் படிக்கக்கூடியதும் வரையறைகள் மட்டுமே.

‘விவாதிக்கலாம், தனியாக எழுதவேண்டும்’ என்பதில்தான் நல்ல பிள்ளைகளே மாட்டிக்கொள்கிறார்கள். தோழியின் நோட்டைப் பார்த்து வரிகளை மாற்றி எழுதுவது தனியாக எழுதுவது ஆகாது. அதே தவறு, அதே வரிசையில், இரண்டு நோட்டில் வந்தால் திருத்துபவருக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பேசும்போது ஒரே தாளில் எல்லோரும் கிறுக்குங்கள், முடிந்ததும் அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால், புரிந்தது தோழிக்குத்தான். யாரோடு பேசினீர்கள் என்று மேலே ஒரு வரி எழுதிவிடுங்கள். கேள்வியைப் போனில் படம் பிடித்தால் விடை தரும் செயலிகளும் இதே கணக்குத்தான். வீட்டுக் கணக்கில் கிடைக்கும் அந்த 1 மார்க்கை, 60 மார்க் தேர்வில் வட்டியோடு பிடித்துக்கொள்வார்கள்.

இனி அந்த வரி. ‘செய்யாத நிறுவல்’ என்றால் பாடத்துக்கு வெளியே இருந்து வருவது அல்ல. வரையறைகள் வகுப்பில் வந்தவை, அவற்றை இணைக்கும் பாதைதான் புதிது. பெரும்பாலும் அந்தப் பாதை மூன்று நான்கு வரிதான் இருக்கும். ஒன்றைச் செய்தே பார்ப்போம்.

மெய்யெண் களத்தின் மீது அ, ஆ, இ மூன்றும் சார்பற்ற திசையன்கள். அ+ஆ, ஆ+இ, இ+அ ஆகியவையும் சார்பற்றவை என நிறுவுக.

தாளின் மேலே எழுதவேண்டியது, கொடுத்ததன் வரையறை: அ, ஆ, இ மூன்றையும் எண்களால் பெருக்கிக் கூட்டிப் பூச்சியம் வந்தால், அந்த எண்கள் எல்லாமே பூச்சியமாகத்தான் இருக்க முடியும். கீழே, காட்டவேண்டியதன் வரையறை: க(அ+ஆ) + ச(ஆ+இ) + த(இ+அ) = 0 என்று வைத்துக்கொண்டால் க, ச, த மூன்றும் 0 ஆகவேண்டும். இவ்வளவு எழுதியதற்கே பல ஆசிரியர்கள் மார்க் தருவார்கள். இடையில் உள்ளது இதுதான். அ, ஆ, இ என்று பிரித்து அடுக்கினால் கெழுக்கள் க+த, க+ச, ச+த. கொடுத்த வரையறைப்படி மூன்றும் 0. முதல் இரண்டிலிருந்து ச = த. மூன்றாவதில் போட்டால் 2ச = 0, ஆகவே ச = 0, மற்றவையும் 0. முடிந்தது.

கண்டிப்பான ஆசிரியர் இங்கே ஒரு கொக்கி போடுவார்: 2ச = 0 என்பதிலிருந்து ச = 0 எப்படி வந்தது? மெய்யெண்களில் சரி. 0, 1 என்ற இரண்டே எண்கள் உள்ள களத்தில் 1+1 = 0. அங்கே இந்த மூன்று திசையன்களையும் கூட்டினாலே பூச்சியம் வந்துவிடும், கூற்றே பொய். ‘மெய்யெண் களத்தின் மீது’ என்று கேள்வியில் ஏன் எழுதியிருக்கிறார்கள் என்பது இப்போது தெரியும். மனப்பாடக்காரர்கள் அந்தச் சொற்களைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

வரையறையைத் தலைகீழாக எழுதுவதுதான் இந்தப் பாடத்தில் ஆகப் பெரிய மார்க் விழுங்கி. ‘எல்லா எண்ணும் பூச்சியம் என்றால் கூட்டுத்தொகை பூச்சியம், எனவே சார்பற்றவை’ என்று எழுதுவார்கள். எல்லா எண்ணும் பூச்சியமானால் எந்தத் திசையன்களைக் கூட்டினாலும் பூச்சியம்தானே வரும். அந்த வாக்கியம் எதையும் சொல்லவில்லை. ‘என்றால்’ எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் மார்க். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. நோட்டின் இடப்பக்கம் ஆங்கில வரையறையை ஒரு சொல் மாறாமல் எழுதுங்கள். வலப்பக்கம் அதையே உங்கள் தமிழில், ‘என்றால்’ ‘மட்டுமே’ இரண்டும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும்படி எழுதுங்கள். வலப்பக்கம் எழுத வராத வரையறை உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம். விடைத்தாளில் வேண்டிய ஆங்கிலம் மிகக் கொஞ்சம்: லெட், சப்போஸ், சின்ஸ், ஹென்ஸ். இவற்றை வைத்தே முழு நிறுவலையும் எழுதிவிடலாம், நடையழகுக்கு யாரும் மார்க் போடுவதில்லை.

பரிமாணம், தரம், அடித்தளம் என்ற சொற்கள் காற்றில் மிதப்பதாகத் தோன்றினால் உங்கள் ஊரிலேயே அவற்றைக் கட்டிப்போட இடம் இருக்கிறது. கல்லணையில் வரும் நீர் கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என நான்காகப் பிரிகிறது. வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாறாகவும் வெண்ணாறாகவும் பிரிகிறது. அந்த வெண்ணாறு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்ற பிரிவிடத்தில் பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று மூன்றாகிறது. சிறு வாய்க்கால்களையும் கசிவையும் விட்டுவிடுவோம். கல்லணைக்கு வரும் அளவு தெரியும், கிளைகளின் அளவு தெரியாது என்று வையுங்கள். தெரியாதவை 4+2+3 = 9. ஒவ்வொரு தலைப்பிலும் வந்த நீர் பிரிந்த நீருக்குச் சமம், ஆகவே சமன்பாடு 3. ஒன்று இன்னொன்றிலிருந்து வராது, எனவே தரம், அதாவது சார்பற்ற சமன்பாடுகளின் எண்ணிக்கை, 3. மிச்சம் 9−3 = 6. ஆறு இடத்தில் அளவுகோல் வைத்தால்தான் எல்லாக் கிளையும் தெரியவரும். தரம்–சுழியம் தேற்றம் சொல்வது இதைத்தான்.

எந்த ஆறு இடத்திலும் வைக்கலாமா? கூடாது. மூணாறு தலைப்பில் மூன்று கிளையையும் அளந்து, அங்கே வந்துசேரும் வெண்ணாற்றையும் அளந்தால் நாலாவது அளவுகோல் வீண், அது மற்ற மூன்றின் கூட்டல். மீதி இரண்டைக் கொள்ளிடத்திலும் காவிரியிலும் வைத்தால், கல்லணைக் கால்வாய், மேல்வெண்ணாறு (கல்லணையிலிருந்து தென்பெரம்பூர் வரை உள்ளது), வெட்டாறு மூன்றும் தெரியாமலே நிற்கும், சமன்பாடோ இரண்டுதான் மிச்சம். எண்ணிக்கை 6 சரி, சார்பின்மை இல்லை. அதற்குப் பதில் கொள்ளிடம், காவிரி, கல்லணைக் கால்வாய், பாமணியாறு, கோரையாறு, கீழ்வெண்ணாறு (மூணாறு தலைப்புக்குக் கீழே உள்ளது) என்று வைத்துப் பாருங்கள், எல்லாம் வந்துவிடும். ‘ஆறு பரிமாண வெளியில் எந்த ஆறு திசையனும் அடித்தளம்’ என்று இன்டர்னலில் எழுதிவிட்டு வருபவர்கள் இதை ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும்.

இதிலேயே இன்னொரு பொறியும் தெரியும். மேட்டூர் மூடி, வரவு 0 என்றால், தீர்வுகளின் கணம் உள்வெளி (கூட்டினாலும் எண்ணால் பெருக்கினாலும் அதற்குள்ளேயே நிற்கும் கணம்). தண்ணீர் வந்துவிட்டால் அது உள்வெளி அல்ல, பூச்சியத் திசையன் அதில் இல்லை. அப்போது ஏதாவது ஒரு தீர்வோடு, வரவு 0 ஆன தீர்வுகளைக் கூட்டினால் மற்றவை எல்லாம் கிடைக்கும். வரவு 0 ஆன தீர்வுகளில் எதிர்மறை ஓட்டமும் வரும். ஆறு பின்னோக்கி ஓடாது என்று நமக்குத் தெரியும், சமன்பாட்டுக்குத் தெரியாது.

கணக்குகளில் என்ன தவறும்? இரண்டு நிரை உள்ள ஒரு அணி: மேல்நிரை 1, 2, கீழ்நிரை 2, 4. கீழ்நிரையிலிருந்து மேல்நிரையின் இரண்டு மடங்கைக் கழித்தால் ஏறுபடி வடிவம்: 1, 2, 0, 0. தரம் 1, இது மாறவில்லை. நிரைகள் பரப்பும் வெளியும் மாறவில்லை. நிரல்வெளி (நிரல்களின் மடங்குகளைக் கூட்டிக் கிடைப்பவை எல்லாம்) மாறிவிட்டது: முதலில் (1, 2)இன் மடங்குகள், இப்போது (1, 0)இன் மடங்குகள். எனவே நிரல்வெளிக்கு அடித்தளம் கேட்டால், எந்த நிரல் என்பதை ஏறுபடி வடிவத்தில் பார்த்துக்கொண்டு, நிரலை மூல அணியிலிருந்து எடுக்கவேண்டும். ஐகன் மதிப்புகளும் (அணியால் பெருக்கும்போது சில திசையன்கள் தம் மடங்காகவே மாறும், அந்த மடங்கு எண்கள்) மாறிவிட்டன: மூல அணிக்கு 0, 5, குறைத்த அணிக்கு 0, 1. ‘சுலபமாக இருக்குமே’ என்று நிரைச் செயலி போட்டுவிட்டு ஐகன் மதிப்பு கண்டுபிடித்தால் அந்தக் கேள்வி முழுவதும் போய்விடும்.

கால்குலேட்டர் இல்லை என்பதற்குக் கவலை வேண்டாம், எண்கள் சின்னதாகத்தான் இருக்கும். பின்னம் வருவதற்கு முன், 1 இருக்கும் நிரையை மேலே மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் என்ன செயலி செய்தீர்கள் என்று எழுதுங்கள். எழுதியிருந்தால் ஒரு கூட்டல் பிழை ஒரு மார்க்கோடு போகும். எழுதாவிட்டால் பிழை எங்கே என்று ஆசிரியர் தேடிக்கொண்டிருக்கமாட்டார். தீர்வு வந்ததும் மூலச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள், அரை நிமிட வேலை.

ஆசிரியரைப் பார்க்கப் போவதற்குக் கூச்சப்படுகிறவர்கள் தமிழ் மீடியத்தில் அதிகம். ‘மேடம், புரியல’ என்று போனால் அவரும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பாடத்தையே திரும்பச் சொல்வார். மேலே எழுதிய வரையறை, கீழே எழுதிய வரையறை, நடுவில் எந்த வரியில் நின்றீர்கள் என்ற தாளோடு போங்கள், ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். தமிழிலேயே கேளுங்கள்.

இந்த வாரமே அவரிடம் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் இருப்பது திருவாரூர் மாவட்டம், கல்லூரி தஞ்சாவூர் மாவட்டம். ஐப்பசி மழையில் திருவாரூர் கலெக்டர் விடுமுறை விட்டு, தஞ்சாவூரில் விடாவிட்டால், கல்லூரி நடக்கும், உங்கள் பஸ் நடக்காது. அன்றைய வருகை, அன்று கொடுக்கவேண்டிய வீட்டுக் கணக்கு, அன்று திங்களாக இருந்தால் குறுந்தேர்வு, மூன்றுக்கும் என்ன செய்வார் என்று இப்போதே கேட்டு, அவர் சொல்வதை விதித்தாளின் பின்பக்கத்தில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கணக்கைப் படமெடுத்து அனுப்பினால் ஏற்பாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மழை தொடங்கிய பிறகு இதே கேள்வியைக் கேட்டால் அது சாக்காகத்தான் காதில் விழும்.