பெட்டியைத் திறந்தது யார்?

கேள்வி: அம்மா நாள் முழுக்க வேலியோடு நிற்கிறார். கதியால் சரிந்தால் உடனே நிமிர்த்துகிறார். பக்கத்து வளவுக்குப் போகும் வேலிப் பொட்டையும் (ஆள் நுழையும் இடைவெளி) அடைத்துவிட்டார். தன் ட்ரங்குப் பெட்டியைப் பேரப்பிள்ளைகள் தொட்டால் வீடு அதிரக் கத்துகிறார். அவர் இல்லாத நேரம் திறந்து பார்த்தோம். காணி உறுதியும் இரண்டு சேலைகளும்தான் இருந்தன. 2009இல் போர் முடிந்தபோது வவுனியா மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தவர். இது மனநோயா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: நோய்ப் பெயர் சூட்டுவதற்கு முன், அந்த முகாமை நினைத்துப் பாருங்கள். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடைக்கப்பட்டார்கள். ஒரே தறப்பாளுக்குள் முன்பின் அறியாத குடும்பங்கள். தண்ணீருக்கும் வரிசை, மலசலகூடத்துக்கும் வரிசை. சுற்றிலும் முட்கம்பி. அதுவும் வேலிதான், ஆனால் அதன் படலை உங்கள் அம்மாவின் கையில் இருக்கவில்லை.

சிறு கொட்டிலுக்குள் எட்டுப் பேர் படுத்தெழும்பி நிம்மதியாக வாழ்ந்தவர்கள் நாம். யார் வரலாம், எப்போது வரலாம் என்று சொல்லும் உரிமை பறிபோனால்தான் மனம் குலைகிறது. உடம்பு ஓயாமல் காவலிருக்கிறது. நித்திரை கெடுகிறது. தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிறது.

இந்தக் காவலுக்கு மூளையிலும் இடம் உண்டு. அமிக்டலா என்ற சிறு பகுதி முற்றாகப் பழுதடைந்த ஒரு பெண்ணைப் பற்றிய ஆய்வு, அதே 2009இல் அமெரிக்காவில் வெளியானது. அந்நியர் மூக்கோடு மூக்கு முட்ட நின்றாலும் அவருக்குச் சங்கடம் தோன்றவில்லை. உங்கள் அம்மாவுக்குத் தோன்றுகிறது. அது அவரைக் காத்த உணர்வு.

பொட்டை அடைத்தது எனக்கும் வலிக்கிறது. கறிக் கிண்ணமும் அவசரச் செய்தியும் போய்வரும் வழி அல்லவா? ஆனாலும் அதை நீங்கள் வெட்டித் திறக்க வேண்டாம். அடைத்த கையே ஒருநாள் திறக்கட்டும்.

அவர் சாப்பிடாமல், நித்திரையில்லாமல் வாடினால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் அவரிடம் கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. கத்திய அம்மாவைப் பற்றி எழுதினீர்கள். பூட்டிய பெட்டியைத் திறந்ததைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். அவ்வளவு இழந்த பிறகும் அவர் கைவிடாத காணி உறுதி அதற்குள் இருக்கிறது. இன்றைக்கே அவர் முன் உட்கார்ந்து, "அம்மா, கேட்காமல் திறந்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். "அப்பம்மா, வரலாமா?" என்று வாசலில் நின்று கேட்கப் பிள்ளைகளையும் பழக்குங்கள்.