நெல், லேப், பிஎச்டி: கேட்டவர்களுக்குப் பதில்

நெல்லில் உப்பைத் தாங்கும் மரபணுக்கள் பற்றி பிஎச்டி செய்தேன். முடிக்க 6 வருடம் பிடித்தது. இப்போது அதே துறையில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு. செடி சம்பந்தமாக எது வேண்டுமானாலும் கேளுங்கள். மருந்து, விலங்கு செல் பற்றியெல்லாம் அந்தத் துறைக்காரர்களிடம் கேட்பதுதான் உங்களுக்கு நல்லது.

எம்.எஸ்சி. தாவரவியல் முடிக்கப் போகிறேன். அரபிடாப்சிஸ், நெல், இரண்டில் எதில் பிஎச்டி செய்யலாம் அக்கா?

உங்கள் பிஎச்டி எத்தனை வருடம் ஓடும் என்பதைப் பாதிக்குமேல் செடிதான் முடிவு செய்யும். அரபிடாப்சிஸ் கடுகுக் குடும்பத்துக் களைச்செடி. விதை போட்டால் ஏறக்குறைய 6 முதல் 8 வாரத்தில் அடுத்த விதை கைக்கு வந்துவிடும். மரபணு புகுத்த வேண்டுமா, பூங்கொத்தை, மரபணுவைச் செடிக்குள் கொண்டுபோகும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவின் கரைசலில் முக்கி எடுத்தால் போதும். திசு வளர்ப்பே வேண்டாம்.

நெல்லில் அப்படி நடக்காது. விதையிலிருந்து காலஸ் என்ற செல் திரளை எடுக்க வேண்டும், அதில் பாக்டீரியாவை ஏற்ற வேண்டும், ஹைக்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கில் தேர்வு செய்ய வேண்டும், பிழைத்ததிலிருந்து கன்று வரவழைக்க வேண்டும். நடுவில் ஒரு பூஞ்சை புகுந்தால் மறுபடி முதலிலிருந்து. நெல்லின் இரு பெரிய வகைகளில், நம் ஊரில் அதிகம் விளையும் இண்டிகா ரகங்கள் ஜப்போனிகா அளவுக்கு ஒத்துழைக்காது. கன்று வந்த பிறகும் அது டி-ஜீரோ, அதாவது மரபணு ஏறிய முதல் செடி தான். டி-1, டி-2 என்று தலைமுறை கடந்து ஹோமோசைகஸ் வரிசை (மரபணுவின் இரண்டு பிரதியும் ஒன்றாக இருப்பது) கிடைத்தால்தான் உண்மையான சோதனையைத் தொடங்க முடியும். ஒரு தலைமுறைக்கு 4 மாதம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதனால் கைடிடம் முதலில் கேட்க வேண்டியது இது: "நான் சேரும் நாளில் லேபில் என்ன விதை தயாராக இருக்கிறது?" விதை இருந்தால் நெல்லை எடுங்கள், எனக்கு நெல்லின் மேல் பாசம் உண்டு. ஒன்றுமே இல்லை என்றால் நன்றாக யோசியுங்கள். அப்புறம், அந்த லேபில் இப்போது இருக்கும் மாணவர் ஒருவரிடமும், முடித்துப் போன ஒருவரிடமும் பேசாமல் சேராதீர்கள்.

நெட் (தேசியத் தகுதித் தேர்வு) இல்லாமல் பிஎச்டி சேர முடியுமா?

முடியும். பல பல்கலைக்கழகங்கள் சொந்தமாக நுழைவுத் தேர்வு வைக்கின்றன. சிரமம் பணத்தில்தான். ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அது இல்லாவிட்டால் கைடின் ப்ராஜெக்ட் பணத்தை நம்ப வேண்டும், ப்ராஜெக்ட் முடிந்தால் அதுவும் முடியும். இன்னொரு முறை எழுதிப் பாருங்கள். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் (டிபிடி) பெட் தேர்வையும் சேர்த்து எழுதுங்கள்.

மாவிலையில் டிஎன்ஏ எடுக்கிறேன். பழுப்பாக, பிசின் மாதிரி வருகிறது. டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் ஓடவே இல்லை.

நல்ல கேள்வி. இங்கே இரண்டு தொல்லைகள் இருக்கின்றன. பழுப்பு நிறம் பாலிஃபீனால் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் ஆவதால் வருவது. அது டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிப்பது கஷ்டம். டிஎன்ஏ பிரிக்கும் சிடேப் கரைசலில், பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி சேருங்கள், மெர்காப்டோஎத்தனாலைப் பயன்படுத்தும் அன்றைக்கே கலந்து, ஃப்யூம் ஹூடுக்குள் வைத்து வேலை செய்யுங்கள். பிசுபிசுப்புக்குக் காரணம் பாலிசாக்கரைடு. உப்பின் அளவைக் கூட்டினால் டிஎன்ஏ வீழ்படியும்போது அதில் பெரும்பகுதி கரைசலிலேயே தங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இலையை மாற்றுங்கள். முற்றிய இலை வேண்டாம், செம்பு நிறத்தில் இருக்கும் இளந்தளிரை எடுங்கள். திரவ நைட்ரஜனில் அரைக்கும்போது பொடி ஒரு நொடிகூட உருகக் கூடாது. கடைசியில் டிஎன்ஏவின் தூய்மையை ஒளி உறிஞ்சலில் அளக்கும்போது 260/280 மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல் 260/230 விகிதத்தையும் பாருங்கள். பிசிஆரைத் தடுக்கும் அழுக்கு பெரும்பாலும் அங்கேதான் தெரியும். அப்படியும் ஓடவில்லை என்றால் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். அழுக்கும் சேர்ந்து நீர்த்துப்போவதால் ஜெல்லில் டிஎன்ஏ பட்டை (பேண்ட்) வந்துவிடலாம்.

நெட் ஒரு மார்க்கில் போய்விட்டது. நெட் இல்லாமல் வழி உண்டா?

மேலே சொல்லியிருக்கிறேன். ஒரு மார்க்தானே, மறுபடி எழுதுங்கள்.

2025 மே மாதம் எடிட்டிங் நெல் (செடியின் சொந்த மரபணுவை வெட்டித் திருத்திய நெல்) என்று இரண்டு ரகம் அறிவித்தார்களே. மரபணு மாற்றுப் பயிரையே பெயர் மாற்றிக் கொண்டுவருகிறார்கள். உங்களைப் போன்றவர்கள் ஏன் பேசுவதில்லை?

பேசுகிறேன். பிடி பருத்திக்கு இங்கே 2002-இல் அனுமதி கிடைத்தது. அதில் ஒரு மண் பாக்டீரியாவின் மரபணு செடிக்குள் நிரந்தரமாக இருக்கிறது. நீங்கள் சொல்லும் இரண்டில் ஒன்றான கமலா, சம்பா மசூரியிலிருந்து வந்தது. அதில் திருத்தியது சிகேஎக்ஸ்-2 என்ற நெல்லின் சொந்த மரபணுவை. சைட்டோகைனின் ஹார்மோனைச் சிதைக்கும் என்சைமை அது உண்டாக்குகிறது. அந்த வேலை குறைந்தால் கதிரில் மணி கூடும். ஹபடாகி என்ற ரகத்தில் இதே மரபணு இயற்கையிலேயே மந்தமாக இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இலேயே காட்டிவிட்டார்கள்.

வெட்டுவதற்கு வெளி மரபணுவை உள்ளே விட்டார்களா இல்லையா?

டிஎன்ஏவை வெட்டும் கேஸ்-9 என்ற என்சைமின் மரபணுவை வழக்கமாக உள்ளே விடுவார்கள். அது ஓர் இடத்தில் மட்டும் அமர்ந்திருந்தால், தன் மகரந்தத்தில் விளைந்த அடுத்த தலைமுறையில் நாலில் ஒரு செடியில் அது இருக்காது. அந்தச் செடியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளி டிஎன்ஏ மிச்சமில்லை என்று நிரூபித்த இத்தகைய செடிகளுக்கு 2022 மார்ச்சில் மத்திய அரசு மரபணு மாற்று உயிரிகளுக்கான 1989 விதிகளின் சில பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது.

உங்கள் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. கேஸ்-9 வைத்துத் திருத்தும் இந்த கிரிஸ்பர் முறையின் காப்புரிமை யாரிடம், விவசாயி விதையை எடுத்து வைக்கலாமா, களச் சோதனைத் தரவை எல்லாரும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நானும் சேர்ந்து கேட்கிறேன்.

நம் பாரம்பரிய நெல்லே போதுமே, லேப் எதற்கு?

இதைப் படிக்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் என் பிஎச்டி முழுக்க நின்றதே பாரம்பரிய நெல்லின் மேல்தான். உப்பைத் தாங்கும் சால்டால் என்ற மரபணுப் பகுதி கேரளத்துப் பொக்காளி நெல்லிலிருந்து வந்தது. வெள்ளத்தில் சுமார் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கவைக்கும் சப்-1 என்ற மரபணுப் பகுதி ஒடிசாவின் பழைய ரகத்திலிருந்து வந்து, மரபணு மாற்றம் ஏதுமில்லாமல், மார்க்கர் (டிஎன்ஏ அடையாளம்) பார்த்துத் திரும்பத் திரும்பச் செய்த பின்கலப்பில் ஸ்வர்ணா என்ற ரகத்துக்குள் போனது. அந்தப் பழைய விதையை யாரோ காப்பாற்றி வைத்திருந்ததால்தான் லேபுக்கு வேலையே இருந்தது. இன்னும் நாலு பேர் இதே கேள்வியை அனுப்பியிருக்கிறீர்கள், எல்லாருக்கும் இதுதான் பதில். மாணவர்கள் காத்திருக்கிறார்கள்.

கல்யாணம் ஆகிவிட்டது மேடம். பிஎச்டி நடுவில் குழந்தை பெற்றால் இடம் போய்விடுமா?

போகாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி 240 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு. 6 வருட உச்ச வரம்பிலும் பெண்களுக்கு 2 வருடத் தளர்வு உண்டு. கேட்டு வாங்குங்கள், தயங்காதீர்கள். எத்திடியம் புரோமைடு, ஃபீனால் போன்ற ஆபத்தான ரசாயன வேலைகளை மட்டும் அந்த மாதங்களில் வேறொருவர் செய்யட்டும். கைடு இதற்கு எப்படி நடந்துகொள்வார் என்று, மறுபடி சொல்கிறேன், பழைய மாணவிகளிடம் விசாரியுங்கள்.

நெட் இல்லாமல்...

மேலே பாருங்கள்.

முதல் வருடம். லேபில் எதை முதலில் பழக வேண்டும்?

எழுதி வைப்பதை. எங்கள் லேபில் ஒரு முறை இரண்டு வரிசைகளின் டி-1 விதை உறைகள் கலந்துவிட்டன. உறை மேல் வெறும் எண் இருந்தது, தேதியும் இல்லை, தலைமுறையும் இல்லை. எல்லாச் செடியையும் மறுபடி பிசிஆரில் பார்த்துப் பிரிக்க எனக்கு ஒரு பருவம் போயிற்று. வரிசை, தலைமுறை, தாய்ச்செடி எண், அறுவடைத் தேதி நான்கையும் எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை எத்தனால் பட்டால் கரைந்துவிடும். உறைக்கு உள்ளேயும் ஒரு சீட்டுப் போடுங்கள்.